பழைய காரை ஷோரூமில் கொடுப்பதா, வெளியில் விற்பதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி (தக்கலையிலிருந்து, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்): 2016-இல் வாங்கிய சிறிய பெட்ரோல் கார் எங்களிடம் உள்ளது. புதிய கார் எடுப்பதற்காக நாகர்கோவிலில் ஒரு ஷோரூமில் விசாரித்தபோது, பழைய வண்டிக்கு 2,70,000 ரூபாயும், எக்ஸ்சேஞ்ச் போனஸாக 20,000 ரூபாயும் தருவதாகக் கூறினார்கள். எங்கள் தெருவில் இருக்கும் ஒருவர் அதே வண்டியை 3,25,000 ரூபாய்க்குக் கேட்கிறார். வெளியில் விற்றால் பின்னால் தொல்லை வரும், ஷோரூமிலேயே கொடுத்துவிடலாம் என்கிறான் என் மகன். எது நல்லது?

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தில் உள்ள கணக்கின்படி வித்தியாசம் 35,000 ரூபாய். ஆனால் அந்தக் கணக்கு முழுமையானதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஷோரூமுக்குச் சென்றதும் பழைய வண்டியைப் பற்றிப் பேசிவிட்டால், புதிய காருக்கான தள்ளுபடியும் பழைய காருக்கான விலையும் ஒரே பேச்சில் கலந்துவிடுகின்றன. ஒரு பக்கம் கூட்டிக் கொடுத்ததை மறுபக்கம் குறைத்துக்கொள்வது அவர்களுக்கு எளிது. ஆகவே பழைய வண்டி இல்லாமல் வாங்கினால் புதிய காரின் ஆன்-ரோடு விலை (வரி, பதிவு, காப்பீடு எல்லாம் சேர்ந்தது) எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்குங்கள். பிறகு எக்ஸ்சேஞ்சுடன் சேர்த்து இன்னொரு விலைப்பட்டியலைக் கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லாதவருக்கு 15,000 ரூபாய் கூடுதல் தள்ளுபடி கிடைக்குமானால், உங்கள் பழைய வண்டிக்கு அவர்கள் உண்மையில் தருவது 2,90,000 ரூபாய் அன்று, 2,75,000 ரூபாய்தான்.

போனஸைப் பற்றியும் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் கார் தயாரிக்கும் நிறுவனம் அறிவிக்கும் திட்டமாக இருக்கும். பழைய வண்டியை வேறு எவருக்கு விற்றிருந்தாலும், பெயர் மாறிய ஆர்.சி.யின் (பதிவுச் சான்றின்) நகலைக் காட்டினால் போனஸைத் தரும் நிறுவனங்களும் உண்டு. பழைய ஆர்.சி. உங்கள் பெயரிலோ நெருங்கிய குடும்பத்தினர் பெயரிலோ இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. இந்த வழி உங்களுக்குத் திறந்திருந்தால், தெருக்காரருக்கு விற்றுவிட்டு அந்த 20,000 ரூபாயையும் பெற்றுக்கொள்ளலாம்.

எக்ஸ்சேஞ்ச் செய்தால் பழைய வண்டியின் விலையைக் கழித்து மீதித் தொகைக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அது சரியன்று, புதிய காரின் முழு மதிப்புக்கும் ஜி.எஸ்.டி. உண்டு, சாலை வரியும் அப்படியே. உங்கள் சொந்த உபயோகத்தில் இருந்த வண்டியை நீங்களே விற்கும்போது ஜி.எஸ்.டி. கிடையாது. பதிவு பெற்ற வியாபாரியோ, வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையிலான தொகைக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும், வண்டியைச் சரிசெய்யும் செலவும், விற்கும் வரை நிறுத்திவைக்கும் செலவும் அவருடையவை. ஷோரூம் விலை குறைவாக இருப்பதற்கு ஏமாற்று மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டியதில்லை. மேலும், 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததால் புதிய கார்களின் விலை இறங்கியது. அதற்கு முன் உறவினர் ஒருவர் விற்ற விலையை மனத்தில் வைத்துக்கொண்டு இப்போது பேரம் பேசுவது பயன் தராது.

உங்கள் மகன் சொல்வதில் பாதி சரி. தெருக்காரருக்கு விற்றால், ஆறு மாதம் கழித்து கிளட்ச் போனாலும் அவர் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பார். அவருடைய மெக்கானிக்கையே அழைத்துவந்து பார்க்கச் சொல்லுங்கள். வண்டியை இப்போதுள்ள நிலையிலேயே வாங்கிக்கொள்வதாக, தேதியும் நேரமும் கிலோமீட்டர் அளவும் குறித்து, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஷோரூமில் கொடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பது உண்மையன்று. அங்கே கொடுத்த வண்டி பெரும்பாலும் ஒரு தரகர் கைக்குப் போகிறது. பெயர் மாற்றத்துக்காக நீங்கள் கையெழுத்திட்ட படிவம் 29-உம் 30-உம் வாங்குபவரின் பெயர் எழுதப்படாமலேயே வண்டியுடன் சுற்றிவருகின்றன. இதை ஒழுங்குபடுத்தவே 2023 ஏப்ரல் 1 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின்படி அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரியிடம் வண்டியை ஒப்படைக்கும்போது படிவம் 29சி வழியாகப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கான ஒப்புகை கிடைத்த பிறகு வண்டிக்கு அந்த வியாபாரியே பொறுப்பு. உங்கள் ஷோரூம் அந்த ஒப்புகையைத் தருமா என்று கேளுங்கள். தரும் என்றால், சில ஆயிரம் ரூபாய் குறைந்தாலும் அங்கே கொடுக்கலாம். தராது, "நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று மட்டும் சொல்வார்கள் என்றால், தெருக்காரருடன் நேரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குச் சென்று பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிப்பதே என் யோசனை.

கேள்வி (களியக்காவிளை வாசகர்): என் காருக்குப் பாறசாலையிலிருந்து ஒருவர் நல்ல விலை தருகிறார். படிவங்களில் கையெழுத்திட்டால் போதும், பெயர் மாற்றத்தைப் பிறகு கேரளத்தில் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். முழுத் தொகையையும் ரொக்கமாகத் தருகிறாராம். வங்கிக் கடனை ஏற்கெனவே அடைத்துவிட்டேன். சம்மதிக்கலாமா?

பதில்: விலைக்குச் சம்மதிக்கலாம், "பிறகு" என்ற பேச்சுக்குச் சம்மதிக்காதீர்கள். எல்லை நடந்துபோகும் தூரம்தான் என்றாலும், பதிவைப் பொறுத்தவரை அது வேறு மாநிலம். மார்த்தாண்டம் அலுவலகத்தில் டி.என். 75 என்று பதிவான வண்டி கேரளத்தில் பெயர் மாற வேண்டுமானால், படிவம் 28-இல் விண்ணப்பித்துத் தடையில்லாச் சான்று பெற வேண்டும். இது விற்பவரான உங்கள் பொறுப்பு. காப்பீடு நடப்பில் இருக்கிறதா, இ-செல்லான் அபராதம் ஏதேனும் நிலுவையில் இருக்கிறதா என்பதை முன்கூட்டியே அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். கடனை அடைத்துவிட்டதாலேயே ஆர்.சி.யிலுள்ள வங்கியின் பெயர் தானாக நீங்கிவிடாது. வங்கியின் சான்றுடன் படிவம் 35-ஐக் கொடுத்து அதை நீக்கிய பிறகே மற்றவை நகரும். கேரளத்தில் கட்ட வேண்டிய வரி வாங்குபவரைச் சேர்ந்தது என்பதை விலை பேசும்போதே சொல்லிவிடுங்கள், இல்லையெனில் கடைசி நாளில் அதைக் காட்டி விலையைக் குறைப்பார்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆவது பிரிவு, விற்பனையை மாநிலத்துக்குள் என்றால் 14 நாட்களுக்குள்ளும், வெளிமாநிலம் என்றால் 45 நாட்களுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. இதை வெறும் சம்பிரதாயமாக எண்ண வேண்டாம். பதிவில் பெயர் மாறாமலேயே பல கைகள் மாறிய ஒரு கார் விபத்தை ஏற்படுத்திய வழக்கில், இழப்பீட்டுக்குப் பதிவேட்டில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வண்டியை விற்று ஆண்டுகள் கழிந்திருந்தன என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

ரொக்கத்தைப் பொறுத்தவரை, ஒரே பரிவர்த்தனைக்காக ஒருவரிடமிருந்து 2,00,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறக் கூடாது. பெற்றால் வாங்கிய தொகைக்கு இணையான அபராதம் பெற்றவருக்குத்தான், கொடுத்தவருக்கு அன்று. வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள். பணம் கணக்கில் வந்து சேர்ந்ததை நீங்களே பார்த்த பிறகு சாவியைக் கொடுங்கள். அவருடைய கைப்பேசியில் காட்டப்படும் படத்தை நம்பிக் கொடுக்க வேண்டாம். வண்டி கைமாறிய அன்றே ஃபாஸ்டேகை முடித்துவிடுங்கள். மறந்தால் அவர் நாங்குநேரி சுங்கச்சாவடியைக் கடக்கும்போதெல்லாம் உங்கள் கணக்கில் பணம் குறையும்.

கேள்வி (குளச்சல் வாசகி): கடற்கரைக்கு அருகில் நிற்பதால் எங்கள் வண்டியில் ஆங்காங்கே துரு பிடித்துள்ளது. விற்பதற்கு முன் முழுவதும் பெயின்ட் அடித்துவிடலாமா?

பதில்: வேண்டாம். முழுப் பெயின்டுக்குச் செலவிட்ட பணம் விலையில் திரும்பி வருவதில்லை. புதுப் பெயின்டைப் பார்த்ததும் விபத்தில் சிக்கிய வண்டியோ என்ற ஐயம்தான் வாங்குபவருக்கு முதலில் எழும். உப்புக் காற்று பட்ட வண்டி என்பதை நம் மாவட்டத்து மதிப்பீட்டாளர்கள் ஆர்.சி.யிலுள்ள முகவரியைப் பார்த்தே அறிந்துகொள்வார்கள்; நேராகக் கதவின் அடிவிளிம்பையும், சக்கரத்தின் மேல்வளைவையும், வண்டியின் அடித்தளத்தையும்தான் தடவிப் பார்ப்பார்கள். அடிப்பகுதியை நன்றாகக் கழுவி, மேலோட்டமான துருவைச் சுரண்டி அந்த இடங்களுக்கு மட்டும் பூச்சு கொடுத்து, சர்வீஸ் ரசீதுகளை வரிசையாக எடுத்து வையுங்கள். தகடு ஓட்டையாகும் அளவுக்குத் துரு ஏறியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லி, விலையில் கழித்துக்கொள்ளச் சொல்வது நல்லது. அப்படிப்பட்ட வண்டியைத் தனியாருக்கு விற்பதைவிட எக்ஸ்சேஞ்சில் கொடுப்பது எளிது.

கேள்வி (அதே வாசகி): ஐந்து ஆண்டுகளாகக் காப்பீட்டில் ஒரு முறைகூட இழப்பீடு கோரவில்லை. வண்டியை விற்றால் அந்தச் சலுகையும் வாங்குபவருக்குப் போய்விடுமா?

பதில்: போகாது. நோ கிளெய்ம் போனஸ் உங்களைச் சேர்ந்தது, வண்டியைச் சேர்ந்தது அன்று. தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கோராதிருந்தால் அது 50 சதவீதம் வரை உயர்ந்திருக்கும். புதிய காரின் சொந்தச் சேதப் பிரீமியத்தில் (உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில்) மட்டும் அந்தக் கழிவு கிடைக்கும், மூன்றாம் நபர் காப்பீட்டில் கிடைக்காது. விற்றதற்கான சான்றைக் காட்டி, போனஸை உங்கள் பெயரில் நிறுத்திவைக்கும் கடிதத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். அது மூன்று ஆண்டுகள் செல்லும். ஷோரூம்காரர்கள் புதிய காப்பீட்டை அவசரமாகப் போடும்போது இதைத் தாமாக நினைவூட்டுவது அரிது. ஆகவே பணம் கட்டுவதற்கு முன்பே கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.