பைத்தானில் ஃபைல் பாதை கொடுத்தால் சில போல்டர் மட்டும் திறக்காதது ஏன்? பேக்ஸ்லாஷை எத்தனை தடவை போட வேண்டும்?

விண்டோஸில் டி டிரைவில் புதுச்சேரியின் ஐந்து கொம்யூனுக்கும் (பஞ்சாயத்துப் பிரிவுக்கும்) ஆளுக்கொரு போல்டர், பெயரெல்லாம் ஆங்கிலச் சின்ன எழுத்தில். மண்ணாடிப்பட்டு திறக்கிறது, மற்ற நான்கும் ‘இன்வேலிட் ஆர்க்யுமென்ட்’ என்கின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். பர்மிஷன் பிரச்சினை இல்லை இது.

மேற்கோள் குறிக்குள் பேக்ஸ்லாஷ், அதாவது \ குறி, வந்தால் பைத்தான் அதை அடுத்த எழுத்தோடு சேர்த்துத்தான் படிக்கும். அரியாங்குப்பத்தின் முதல் எழுத்தான ‘ஏ’, முன்னால் இருக்கும் \ குறியோடு சேர்ந்து மணியோசைக்கான குறி ஆகிவிடுகிறது. பாகூரின் ‘பி’ பேக்ஸ்பேஸ், நெட்டப்பாக்கத்தின் ‘என்’ புது வரி, வில்லியனூரின் ‘வி’ செங்குத்து டேப். ‘எம்’முக்கு மட்டும் அப்படி ஒரு பொருள் இல்லாததால் மண்ணாடிப்பட்டு தப்பித்தது. அதையும் நம்ப வேண்டாம், 3.12 பதிப்பிலிருந்து இதற்கு சின்டாக்ஸ் வார்னிங் வருகிறது, பின்னால் எரராகவே மாறும் என்று ஆவணத்திலேயே சொல்லிவிட்டார்கள். எரர் மெசேஜை உற்றுப் பாருங்கள்: பாகூரின் முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் ‘எக்ஸ்08’ என்று இருக்கும். அதுதான் பேக்ஸ்பேஸின் எண்.

தவறு உங்களுடையது என்று சொல்ல மனம் வரவில்லை. சி மொழி 1970களிலேயே \ குறியை இந்த வேலைக்கு எடுத்துக்கொண்டது. 1983இல் விண்டோஸுக்கு முந்தைய மைக்ரோசாஃப்ட் இயங்குதளமான டாஸின் 2.0 பதிப்பு போல்டர்களைக் கொண்டுவந்தபோது, / குறி ஏற்கெனவே கமாண்ட் ஆப்ஷன்களுக்குப் போய்விட்டிருந்ததால் பாதைக்கு \ குறியை வைத்தார்கள். அந்த மோதலைத்தான் இன்றும் நாம் சுமக்கிறோம்.

சரி, தீர்வு. நான் பாதைகளில் / தான் போடுகிறேன், விண்டோஸிலும் பைத்தான் அதை ஏற்கும். \ தான் வேண்டும் என்றால் \\ என்று இரட்டையாகப் போடுங்கள், அல்லது மேற்கோளுக்கு முன்னால் ‘ஆர்’ எழுத்தைச் சேர்த்து ரா ஸ்ட்ரிங் ஆக்குங்கள், அதாவது \ குறியை அப்படியே விட்டுவிடும் எழுத்துச் சரம். ரா ஸ்ட்ரிங்கை ஒற்றை \ குறியோடு முடிக்க முடியாது. முடியும் மேற்கோளை அது விழுங்கிவிடும்.

இரட்டையாகப் போட்டாலும் நினைவகத்தில் இருப்பது ஒன்றுதான். பைத்தான் ஷெல்லில் வேரியபிள் பெயரை மட்டும் அடித்தால் இரண்டு தெரியும், பிரின்ட் செய்தால் ஒன்று தெரியும். ‘லென்’ போட்டுப் பாருங்கள், "\\" என்பதன் நீளம் 1. இது புரியாமல்தான் பலர், யூசர் டைப் செய்த பாதையையும் சிஎஸ்வியிலிருந்து படித்த பாதையையும் ரீப்ளேஸ் போட்டு இரட்டிக்கிறார்கள். தேவையே இல்லை. இந்த விதி நீங்கள் கோடில் எழுதும் ஸ்ட்ரிங்குக்கு மட்டும்தான்.

அப்போ ரெஜெக்ஸில் (எழுத்துகளை ஒரு வடிவம் கொடுத்துத் தேடும் முறையில்) ஒரு \ குறியைத் தேட ஏன் நான்கு என்று கேட்டிருந்தீர்கள். அதை இரண்டு பேர் படிக்கிறார்கள். முதலில் பைத்தான் படித்து \\\\ என்பதை \\ ஆக்குகிறது. மிச்சத்தை ரெஜெக்ஸ் இன்ஜின் படித்து ஒரு \ குறியைத் தேடுகிறது. எனவே \ குறியை எண்ணாதீர்கள், அந்த வரியை எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று எண்ணுங்கள். ரா ஸ்ட்ரிங் என்றால் பைத்தான் விலகிக்கொள்ளும், இரண்டே போதும்.

மேற்கோள் குறியிலும் இதே கதை. நம் ஊரில் இருக்கிற எகோல் பிரான்சேஸ் தெக்ஸ்த்ரேம் ஓரியான் என்ற ஆய்வு நிறுவனத்தின் பெயரைப் பிரெஞ்சில் எழுதினால் நடுவில் ஓர் ஒற்றை மேற்கோள் வரும். ஸ்ட்ரிங்கை ஒற்றை மேற்கோளில் தொடங்கியிருந்தால் அங்கேயே முடிந்துவிடும். \' போடலாம், வெளியே இரட்டை மேற்கோள் வைப்பது கண்ணுக்கு இதம். டேட்டாபேஸுக்கு அனுப்பும் எஸ்க்யூஎல் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, பெயரை வரிக்குள் ஒட்டாமல் தனியாகப் பேராமீட்டராக அனுப்புங்கள்.

கடைசியாக, ஜேசன் ஃபைலில் வில்லியனூர் என்ற தமிழ்ப் பெயர் \ குறியும் ‘யூ0பிபி5’ போன்ற எண்களுமாகத் தெரிகிறது என்றீர்களே, டேட்டா கெடவில்லை. 0பிபி5 என்பது ‘வ’வின் யூனிகோட் எண். திரும்பப் படித்தால் தமிழாகவே வரும். ஃபைலைத் திறந்தாலும் தமிழாகவே தெரிய வேண்டுமானால், ‘டம்ப்’ செய்யும்போது ‘என்ஷூர் ஆஸ்கி’ ஆப்ஷனை ஃபால்ஸ் ஆக்கி, ஃபைலை யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுத் திறந்து எழுதுங்கள்.