டீசன்ட் – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

லண்டன் நிறுவனம் ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து வேலை செய்கிறேன். போன வாரம் நான் அனுப்பிய அறிக்கைக்கு மேலாளர் எழுதிய பதில் இரண்டே சொல்: ‘டீசன்ட் வொர்க்’. எனக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்து சீட் நண்பர், “அது பாஸ் மார்க்தான், ரொம்ப ஆடாதே” என்கிறார். டீசன்ட் என்றால் பாராட்டு இல்லையா?

செ.

அன்புள்ள செ.,

நண்பர் சொல்வதில் முக்கால்வாசி சரி.

நாம் இந்தச் சொல்லை ஆளுக்கும் உடைக்கும் வைத்திருக்கிறோம். சட்டையை உள்ளே விட்டவர், குரலை உயர்த்தாதவர், ஐந்தாம் தேதிக்குள் வாடகை தருபவர் எல்லாம் டீசன்ட். ‘டீசன்ட் ஃபேமிலிக்கு மட்டும்’ என்று டூலெட் பலகையில் எழுதினால், உள்ளே சாதியும் சாப்பாடும் ஒளிந்திருக்கும். அது வேறு வயிற்றெரிச்சல்.

மூலம் லத்தீன். ‘தகும்’ என்கிற வினைச்சொல். டெக்கரேஷன்கூட இதற்குத் தூரத்து உறவுதான். தகுந்தது என்பது மெல்ல, அளவில் குறையாதது என்றாகிவிட்டது. டீசன்ட் சம்பளம், டீசன்ட் காபி என்றால் குறை சொல்ல முடியாது, கொண்டாடவும் வேண்டாம். அறைக் கதவைத் தட்டி ‘ஆர் யூ டீசன்ட்?’ என்று கேட்டால் உங்கள் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கவில்லை, துணி உடுத்தியிருக்கிறீர்களா என்று கேட்கிறார்கள்.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் ‘பரவாயில்லை’. சாம்பார் எப்படி என்று கேட்டு ‘பரவாயில்லை’ என்று பதில் வந்தால் சமைத்தவர் முகம் வாடும். ‘பரவாயில்லையே!’ என்றால் மலரும். ஓர் ஏகாரம் செய்கிற வேலை. ஆங்கிலேயர்கள் அந்த ஏகாரத்தைக் குரலில் வைத்திருக்கிறார்கள், மின்னஞ்சலில் அது வந்து சேராது.

ஒரு வேடிக்கை. உங்கள் மேலாளர் எழுதிய அதே இரண்டு சொற்களைத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1999இல் தன் குறிக்கோளாக எடுத்துக்கொண்டது. நியாயமான கூலி, பாதுகாப்பு, சங்கம் சேரும் உரிமை எல்லாம் அதில் அடக்கம். 2015இல் ஐ.நா. வகுத்த வளர்ச்சி இலக்குகளில் எட்டாவதிலும் அதே சொற்கள். அங்கே ‘பரவாயில்லாத வேலை’ என்று மொழிபெயர்த்தால் அடிக்க வருவார்கள். கண்ணியமான வேலை என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் மேலாளர் அதைச் சொல்லவில்லை என்பது நிச்சயம். முன்னால் ஒரு ‘ப்ரிட்டி’யோ பின்னால் ஓர் ஆச்சரியக்குறியோ இருந்ததா என்று மட்டும் அந்த மின்னஞ்சலை இன்னொரு தடவை திறந்து பாருங்கள்.