துங்கநாத்தில் பார்த்த முள் செடி நீர்முள்ளியா?

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சென்ற ஆகஸ்டு மாதம் கோயில் குழுவோடு இமயமலை யாத்திரை போனோம். துங்கநாத் சிவன் கோயிலுக்கு ஏறும் வழியில் ஒரு முள் செடி. தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூ, வெள்ளையும் ரோஸுமாக. கூட வந்த என் நாத்தனார், "இது நம்ம நீர்முள்ளி அண்ணி, கல்லடைப்புக்குக் கைகண்ட மருந்து" என்று காய்ந்த தண்டு இரண்டை ஒடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். கைப்பேசிச் செயலி 'திஸ்ட்டில்' என்கிறது. பேரன் இணையத்தில் தேடி 'மொரீனா' என்றான். ஆனால் குடும்பப் பெயர் மட்டும் இடத்துக்கு இடம் மாறி மூன்று விதமாக இருக்கிறது. பள்ளி அறிவியல் மூலையில் படத்தோடு பெயர் எழுதி வைக்க ஆசை. எதை எழுதுவது? நாத்தனார் கஷாயம் வைத்துக் குடிக்கலாமா? விதை போட்டால் இங்கே வருமா? புலனத்தில் மூன்று படங்கள் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: கஷாயத்தை முதலில் முடித்துவிடுவோம். வேண்டாம் அம்மா. நாத்தனார் கொண்டுவந்தது நீர்முள்ளி இல்லை. அதற்குச் சொந்தமும் இல்லை. நீர்முள்ளிக்குச் சித்த மருத்துவத்தில் சொல்லப்பட்ட குணத்தை இந்தச் செடியின்மேல் ஏற்றிக் குடிப்பது ஆபத்து. கல்லடைப்பு இருப்பதாகச் சந்தேகம் என்றால் கிளினிக்கில் சிறுநீர்ப் பரிசோதனையும் ஸ்கேனும் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

பேரன் சொன்னதுதான் சரி. உங்கள் படத்தில் இருப்பது மொரீனா லாங்கிஃபோலியா. மேற்கு இமயத்தில் 3,000 முதல் 4,000 மீட்டர் உயரத்தில், மரங்கள் தீர்ந்து புல்வெளி தொடங்கும் இடங்களில், ஜூன் முதல் செப்டம்பர் வரை பூக்கும். துங்கநாத் கோயில் சுமார் 3,680 மீட்டரில் இருக்கிறது. நீங்கள் போனது ஆகஸ்டு. இடமும் காலமும் பொருந்துகின்றன. ஆனால் இடத்தையும் காலத்தையும் வைத்து மட்டும் பெயர் சொல்லிவிட முடியாது.

நாத்தனாரையும் குறை சொல்ல மாட்டேன். வயல் ஓரத்திலும் குட்டைக் கரையிலும் நீர்முள்ளியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த மயக்கம் வரத்தான் செய்யும். இரண்டிலும் கணுவுக்குக் கணு பூக்கள் தண்டைச் சூழ்ந்து நிற்கும். இரண்டிலும் அந்த இடத்தில் கை வைத்தால் குத்தும். பெயரும் சேர்ந்து குழப்பும். பழைய மருத்துவ நூல்களில் நீர்முள்ளியை அஸ்டராகாந்தா லாங்கிஃபோலியா என்று எழுதியிருப்பார்கள். இப்போது அது ஹைக்ரோஃபிலா ஆரிகுலேட்டா. லாங்கிஃபோலியா என்ற பின்பெயர் நீள இலை கொண்ட எத்தனையோ செடிகளுக்கு உண்டு. பின்பெயர் ஒன்றாக இருப்பதால் செடி ஒன்றாகிவிடாது. முன்னால் நிற்கும் பேரினப் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

முள்ளை வைத்துச் செடியை அடையாளம் காண்பதில்தான் முதல் தவறு நடக்கிறது. முள் என்பது ஆடு மாடு மேயும் இடத்தில் பல குடும்பங்கள் தனித்தனியாகக் கண்டுபிடித்துக்கொண்ட காவல். செம்பனைத் தோட்டத்தில் காலைக் கிழிக்கும் முள்ளுக்கீரைக்கும் முள் உண்டு, தொட்டாற்சுருங்கிக்கும் உண்டு; இரண்டுக்கும் உறவு கிடையாது. அங்கே இமயத்துப் புல்வெளிகளிலும் கோடையில் ஆட்டு மந்தைகள் மேய்கின்றன. முள் இல்லாததைத் தின்றுவிட்டு முள் செடியை விட்டுவிட்டுப் போகும். ஆகவே ஒரு மலைச்சரிவில் முள் செடிகள் கூட்டமாகத் தெரிந்தால் அது மேய்ச்சலைப் பற்றிய செய்தி, உறவுமுறையைப் பற்றியது அல்ல. உறவு தெரிய வேண்டுமானால் பூவைத் திறக்க வேண்டும்.

உங்கள் இரண்டாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரே அடுக்கில் மூன்று நிறம் இருக்கும். அன்று விரிந்த பூ வெள்ளை. சற்று முந்தியது இளஞ்சிவப்பு. வாடப் போவது கருஞ்சிவப்பு. ஒரே பூதான் நிறம் மாறுகிறது. இதனால் நிறத்தை வைத்து 'வெள்ளை வகை, ரோஸ் வகை' என்று பிரித்து எழுதிவிடாதீர்கள். ஒவ்வொரு பூவும் மெல்லிய நீளக் குழாய். லேசாக வளைந்து, நுனியில் ஐந்து இதழாக விரிகிறது. அந்தக் குழாயின் அடியில் பச்சையாக, பல் பல்லாக ஒரு கிண்ணம் தெரிகிறது அல்லவா? அது பூவின் அடியில் இதழ்களைத் தாங்கும் புல்லிவட்டம் இல்லை. புல்லிவட்டத்துக்கும் வெளியே, ஒவ்வொரு பூவுக்கும் தனியாக அமைந்த இன்னொரு உறை. புறப்புல்லி என்று சொல்லலாம். அதன் விளிம்பெல்லாம் முள். பூ உதிர்ந்தபின் காயை மூடிக்கொண்டு நிற்பதும் இதுதான். மொரீனாவை அடையாளம் காண எனக்கு ஒரே ஓர் உறுப்பைப் பார்க்க அனுமதி என்றால் இதைத்தான் பார்ப்பேன்.

நீர்முள்ளியில் அந்தக் கிண்ணம் இருக்காது. அதன் முள் கணுவில் தனியாக, நேராக, நீளமாக நீட்டிக்கொண்டிருக்கும். இலை விளிம்பில் முள் இராது. மொரீனாவிலோ இலையின் விளிம்பு முழுக்க நெளிந்து நெளிந்து முள். மாத்தாங் சதுப்புநிலக் காட்டுப் பக்கம் போயிருந்தால் கழுதைமுள்ளி இலையைப் பார்த்திருப்பீர்கள். கிட்டத்தட்ட அந்தச் சாயல், ஆனால் ஒடுங்கி நீண்டது. நீர்முள்ளியும் கழுதைமுள்ளியும் அகாந்தேசியே குடும்பம். அந்தக் குடும்பத்தில் சூற்பை, அதாவது பிறகு காயாகும் பகுதி, பூவுக்குள்ளே, இதழ்களுக்கு மேல்மட்டத்தில் உட்கார்ந்திருக்கும். மொரீனாவில் சூற்பை இதழ்களுக்குக் கீழே இருக்கும். பூவை நெடுக்காகப் பிளந்தால் வெறும் கண்ணுக்கே தெரிந்துவிடும். இந்த மேல் கீழ் வித்தியாசம் தாவர வகைப்பாட்டில் எளிதில் மீற முடியாத வேலி.

பூ கைவசம் இல்லை, காய்ந்த தண்டுதான் இருக்கிறது என்பீர்கள். அதிலும் சோதனை உண்டு. நீர்முள்ளியின் காய் வெடிக்கும். உள்ளே பல விதை இருக்கும். தண்ணீரில் போட்டதும் செலாசே (சப்ஜா) விதைபோல வழுவழுவென்று கூழ் கட்டிக்கொள்ளும். மொரீனாவின் காய் வெடிக்காது. ஒரு காய்க்கு ஒரே விதை. நாட்டு மருந்துக் கடையில் நீர்முள்ளி விதை கொஞ்சம் வாங்கி இரண்டையும் தனித்தனிக் கிண்ணத்தில் ஊறவைத்து நாத்தனாருக்குக் காட்டுங்கள். வாயால் சொல்வதைவிட அது சீக்கிரம் நம்பவைக்கும்.

செயலி சொன்ன திஸ்ட்டில் சூரியகாந்திக் குடும்பம். அதில் நாம் ஒரு பூ என்று நினைப்பது நூற்றுக்கணக்கான சிறு பூக்கள் சேர்ந்த ஒரு கொத்துத் தலை. உங்கள் படத்தில் பூக்கள் தனித்தனியாக எண்ணும்படி இருக்கின்றன. இலைகளும் தண்டில் ஒன்று மாற்றி ஒன்றாக இல்லாமல் வட்டமாகக் கிளம்புகின்றன. முள்ளும் ரோஸ் நிறமும் இருந்தால் போதும், செயலி திஸ்ட்டில் என்றுதான் சொல்லும். துளசிக் குடும்பமாக இருக்குமோ என்ற சந்தேகமும் சிலருக்கு வரும், அடுக்குப் பூவைப் பார்த்து. அங்கே காய் நான்கு சிறு கொட்டைகளாகப் பிரியும். சூற்பையும் மேலே இருக்கும்.

இனிப் பேரினத்துக்குள் போவோம், ஏனென்றால் உங்கள் குழுவில் யாராவது நேபாளம் முக்திநாத் பக்கமும் போய் வந்து, "நானும் மொரீனா பார்த்தேன்" என்று வேறு ஒரு படத்தை நீட்டக்கூடும். மொரீனாவை 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் தம் நூலில் சேர்த்தபோது அவர் கையில் இருந்தது பாரசீகத்துச் செடி, மொரீனா பெர்சிகா. பேரினப் பெயர் லூயி மொரான் என்ற பிரெஞ்சு மருத்துவரை நினைத்து வைத்தது. நீங்கள் பார்த்த இமயத்து இனத்துக்கு வாலிக் பெயர் சூட்ட, சுவிஸ் தாவரவியலாளர் டி காண்டோல் 1830இல் முறைப்படி வெளியிட்டார். வாலிக் கல்கத்தா தாவரவியல் பூங்காவின் தலைவராக இருந்தவர். 1822இல் சிங்கப்பூர் வந்தபோது ராஃபிள்ஸோடு சேர்ந்து அங்கே முதல் தாவரத் தோட்டத்துக்கு வழி செய்தவரும் இவர்தான். மாணவர்களுக்குச் சொல்ல நல்ல செய்தி.

அதன்பின் நெடுநாள் இந்தக் கூட்டம் முழுவதும் மொரீனா என்ற ஒரே பேரினத்தில் கிடந்தது. 1984இல் தாவரவியலாளர்களான கேனன் இணையர் விரிவாகத் திருத்தி எழுதியபோது மூன்றாகப் பிரித்தார்கள்: மொரீனா, அகாந்தோகேலிக்ஸ், கிரிப்டோத்லாடியா. பிரிப்பதற்கு அவர்கள் வைத்த அளவுகோல் முக்கியமாக மகரந்தத்தாள். மொரீனாவில் வளமான தாள் இரண்டே. கூட இருக்கும் இரண்டு சுருங்கி மலடாகிவிட்டன. அகாந்தோகேலிக்ஸில் நான்கும் வளமானவை, இலைகளும் வட்டமாக இல்லாமல் எதிரெதிராக வரும், பூக்கள் பெரும்பாலும் உச்சியில் கொத்தாகக் கூடும். கிரிப்டோத்லாடியாவில் பூவே புல்லிவட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளும். தூரத்திலிருந்து பூக்காத செடி என்று நினைத்துக் கடந்துவிடுவோம்.

நேபாள வழிகாட்டிப் புத்தகங்களில் மொரீனா நேபாலென்சிஸ் என்று இருப்பது அகாந்தோகேலிக்ஸ் நேபாலென்சிஸ். குட்டைச் செடி, ஊதா கலந்த ரோஸ் பூ. மரபணு வரிசைகளை ஒப்பிட்டவர்களும் அகாந்தோகேலிக்ஸ் தனிக் கிளையாகப் பிரிந்து நிற்பதைக் கண்டார்கள். அதனால் அந்தப் பிரிவினையை நான் தயங்காமல் ஏற்கிறேன். கிரிப்டோத்லாடியா விஷயம் அப்படி இல்லை. அதை மொரீனாவுக்குள்ளேயே வைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது: பூ சிறுத்து உள்ளடங்கியது என்பதற்காக ஒரு பேரினம் தேவையில்லை. காஷ்மீர்ப் பக்கம் மஞ்சள் பூவோடு ஒன்றைப் பார்த்தால் அது மொரீனா கூல்டெரியானா. அங்கே மட்டும் நிறம் துணைக்கு வரும்.

அடுத்த முறை யார் மலைக்குப் போனாலும் படம் எடுக்க ஒரு வழி சொல்லி அனுப்புங்கள். முழுச் செடி ஒன்று; இலைகள் தண்டில் சேரும் கணு ஒன்று; பூவைப் பக்கவாட்டில், அடிக்கிண்ணம் தெரிய ஒன்று; பூவின் வாய்க்கு நேரே, தாள்களை எண்ணும்படி ஒன்று. நீங்கள் அனுப்பிய மூன்றில் கடைசி வகை இல்லை. என்றாலும் வட்ட இலையும் விட்டுவிட்டு அமைந்த பூவடுக்கும் நீளக் குழாயும் தெளிவாக இருந்ததால் தப்பித்தோம்.

குடும்பப் பெயர் மூன்றுக்கு வருகிறேன். மூன்றும் பிழை இல்லை, மூன்று காலம். பழைய இந்தியத் தாவரநூல்கள் இதை டிப்சகேசியேயில் வைத்தன. பிறகு அடுக்குப் பூவையும் பிற அமைப்பையும் பார்த்து மொரினேசியே என்று தனிக் குடும்பமாக்கினார்கள். ஏபிஜி என்று சுருக்கமாக அழைக்கப்படும் பூக்கும் தாவர வகைப்பாட்டுக் குழு 2009இல் இவற்றையெல்லாம் கேப்ரிஃபோலியேசியே என்ற பெரிய குடும்பத்தில் சேர்த்தது. 2016இலும் அப்படியே வைத்தது. இப்போது அதைத்தான் எழுத வேண்டும். நம் வீட்டுத் தலைமுடி எண்ணெயில் போடும் சடாமாஞ்சிலும் இதே குடும்பம், இதே இமயத்து உயரத்தில் வளர்வது. சீன மருந்துக் கடையில் தேநீருக்கு விற்கும் ஹனிசக்கிள் பூவும் இதே குடும்பம். அதுவும் வெள்ளையாக விரிந்து மஞ்சளாக மாறும். யார் வீட்டு வேலியிலாவது ஹனிசக்கிள் கொடி இருந்தால் ஒரு பூவைக் கேட்டு வாங்கிப் பிளந்து, இதழுக்குக் கீழே இருக்கும் சூற்பையை மாணவர்களுக்குக் காட்டலாம்.

விதை போட வேண்டாம். சுங்கை சிப்புட் வெயிலை விடுங்கள், கேமரன் மலைக்குக் கொண்டுபோனாலும் வராது. அங்குள்ள தானா ராத்தா ஊர் 1,400 மீட்டருக்குச் சற்று மேல். குளிர் உண்டு, குளிர்காலம் இல்லை. பனிக்கு அடியில் மாதக்கணக்கில் உறங்கிக் கிடந்து எழுவது இந்தச் செடியின் வழக்கம். இங்கே வருடம் முழுக்கப் பெய்யும் மழையில் அதன் ஆணிவேர் அழுகிவிடும்.

இன்னொன்றும் உண்டு, கொஞ்சம் கசப்பானது. விதையோ செடியோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவர இங்கே அனுமதி வாங்க வேண்டும். 1976ஆம் ஆண்டின் தாவரத் தடுப்புக்காப்புச் சட்டம் அதற்குத்தான். தென்னமெரிக்க இலைக்கருகல் நோய் ஒன்று உள்ளே நுழைந்தால் ரப்பர் மரங்களின் கதி என்ன ஆகும் என்று பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அங்கேயும், துங்கநாத் வழி கேதார்நாத் வனவிலங்குச் சரணாலயப் பகுதி. செடியை ஒடிக்கக் கூடாது. நாத்தனாரிடம் இருக்கும் தண்டுகளை ஒரு பையில் இறுக்கக் கட்டி, அருகிலுள்ள விவசாய இலாகா அலுவலகத்தில் விவரம் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். ஊறவைக்கும் சோதனையை அதற்கு முன்பே செய்துகொண்டு, ஊறிய விதைகளைக் கொதிநீர் ஊற்றிச் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். மண்ணில் கொட்ட வேண்டாம்.

அறிவியல் மூலைக்குப் படம் போதும். கீழே இப்படி எழுதலாம்: "மொரீனா லாங்கிஃபோலியா. குடும்பம்: கேப்ரிஃபோலியேசியே; பழைய நூல்களில் டிப்சகேசியே, மொரினேசியே. இடம்: துங்கநாத் மலைவழி, உத்தராகண்டம், இந்தியா." பக்கத்தில் படம் எடுத்த தேதி, எடுத்தவர் பெயர், தோராயமான உயரம். தமிழ்ப் பெயர் என்ற இடத்தைக் காலியாக விடுங்கள். 'மலை நீர்முள்ளி' என்று யாராவது எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், பத்து வருடம் கழித்து யாரோ ஒருவர் அதை நம்பிக் கஷாயம் வைப்பார்.