2015-ல் மட்டும்தான் தண்ணீர் வந்தது என்கிறார் புரோக்கர், மனை வாங்கலாமா?

கேள்வி: முடிச்சூர் பக்கம், ஒரு ஏரிக்கரையிலிருந்து 400 மீட்டரில் மனை பார்த்திருக்கிறோம். சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அப்ரூவல் இருக்கிறது. “2015-ல் செம்பரம்பாக்கத்தைத் திறந்துவிட்டதால் வெள்ளம் வந்தது, இனி வராது” என்கிறார் புரோக்கர். நம்பி வாங்கலாமா?
– வாசகர், தாம்பரம்

பதில்: அந்தச் செம்பரம்பாக்கம் கதையை முதலில் விடுங்கள். அந்த ஏரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகே. முடிச்சூர், ஆறு வரும் வழியில் அதற்கும் மேலே இருக்கிறது. உங்கள் பகுதியை மூழ்கடித்த தண்ணீர் ஆதனூர், மண்ணிவாக்கம் பக்கத்து ஏரிகளிலிருந்து இறங்கி வந்தது. அந்த ஏரிகள் அங்கேயேதான் இருக்கின்றன.

2015 நவம்பர் முழுக்கப் பெய்த மழையில் ஏரிகள் நிரம்பி, மண்ணும் ஊறிப்போயிருந்தது. அதன் மேல் டிசம்பர் 1-ல் தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. கொட்டியது. வாங்கிக்கொள்ள இடமில்லாமல் அத்தனையும், நிரம்பிய ஏரியின் உபரிநீர் வெளியேறும் கலங்கல் வழியே கீழே பாய்ந்தது. மேல் ஏரியின் கரை உடைந்தால் கீழ் ஏரியும் தாங்காது. படுக்கும்போது கணுக்கால் அளவு இருந்த தண்ணீர் விடிவதற்குள் ஜன்னலைத் தொட்டுவிடும்.

400 மீட்டர் என்ற கணக்கை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கலங்கல் எங்கே என்று பாருங்கள். மனை கரைக்கு அடியிலேயே இருந்தாலும், கலங்கல் மறுகோடியில் இருந்து, அதன் வாய்க்கால் வேறு திசையில் போய், கரையும் உறுதியாக இருந்தால் அந்த மனை பெரும்பாலும் தப்பிவிடும். இதை அழுத்திச் சொல்லக் காரணம், கரையோரம் என்றாலே பயந்து ஓடுகிறவர்கள், ஒரு கிலோமீட்டர் தள்ளி உபரிநீர் வாய்க்காலின் மேலேயே போய் வீடு கட்டுகிறார்கள். வாய்க்காலைத் தூர்த்துச் சாலை போட்டிருப்பார்கள். கிராம வரைபடத்தில் மட்டும் கோடாக இருக்கும். வரைபடத்தையும், எந்தச் சர்வே எண் என்ன வகை நிலம் என்று சொல்லும் அ-பதிவேட்டையும் நீங்களே வாங்கிப் பாருங்கள். புரோக்கர் கொடுக்கும் ஜெராக்ஸ் வேண்டாம்.

அப்ரூவல் விஷயம். நீர்நிலை அருகே என்றால் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். மனையை எவ்வளவு உயர்த்த வேண்டும், வாய்க்காலுக்கு எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதெல்லாம் அதில் நிபந்தனையாக இருக்கும். அதன் நகலைக் கேளுங்கள். நிபந்தனை காகிதத்தில் இருக்க, மனையில் கட்டட இடிபாட்டைக் கொட்டி, மேலே இரண்டு லோடு செம்மண் பரப்பி ‘மேட்டு நிலம்’ என்று விற்பார்கள். தண்ணீர் வந்த பிறகு போய்க் கேட்டால் ஒரு அலுவலகம் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டும். அது முதல் அலுவலகத்தையே கைகாட்டும். வில்லங்கச் சான்றில் தண்ணீர் தெரியாது, சார்!

சரி, ஒரு நாள் காலை புரோக்கர் இல்லாமல் போய் அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். மின்சார மீட்டர் பெட்டி தலைக்கு மேலே இருக்கிறதா? தண்ணீர் மோட்டாரை உயரமான திண்டில் ஏற்றி வைத்திருக்கிறார்களா? வாசலில் இடுப்பளவு தடுப்புச் சுவரா? மூன்றும் இருந்தால் அந்தத் தெரு உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது. அப்புறம், பால் போடுபவரிடமும் இஸ்திரி வண்டிக்காரரிடமும் “எத்தனை தடவை படகு வந்தது?” என்று கேளுங்கள்.

புரோக்கர் உங்களைச் சித்திரை வெயிலில்தான் அழைத்துப் போவார். ஞாயிற்றுக்கிழமைக்குள் டோக்கன் போடச் சொல்வார். கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் பெய்த பிறகு அதே மனையை ஒருமுறை பார்த்துவிட்டு டோக்கன் போடுங்கள்.