பெரிய டயர் போட்டால் சேற்றில் ஏறுமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் கேரட் போட்டிருக்கிறோம். மேட்டுப்பாளையம் மண்டிக்கு எங்கள் பிக்கப்பில்தான் லோடு இறக்குகிறோம். மழை பெய்தால் தோட்டத்துப் பாதையில் பின்சக்கரம் சும்மா சுற்றுகிறது. டயரும் தேய்ந்துவிட்டது. இப்போது இருப்பது 215/75 ஆர்15. 235/75 ஆர்15 போட்டால் வண்டி உயரும், சேற்றிலும் ஏறும் என்கிறார் கடைக்காரர். போடலாமா?
- கோத்தகிரி வாசகர்

பதில்: லோடு வண்டிக்கு வேண்டாம் என்பேன். 215 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 75 என்றால் அந்த அகலத்தில் 75 சதவீதம் பக்கச்சுவரின் உயரம், 15 ரிம்மின் அங்குலம். கூட்டிப் பார்த்தால் உங்கள் டயரின் மொத்த உயரம் சுமார் 703 மி.மீ., அவர் சொல்வது 733. வித்தியாசம் 3 சென்டிமீட்டர்தான், அதிலும் பாதி அச்சுக்கு மேலே போய்விடும், ஆக வண்டி உயர்வது ஒன்றரை சென்டிமீட்டர்.

அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காக நீங்கள் விடுவது அதிகம். சக்கரம் 4 சதவீதம் பெரிதாவதால் எல்லா கியரும் அந்த அளவுக்கு இளகிப்போகும், உரமூட்டையோடு கொண்டை ஊசி வளைவில் ஏறும்போது இழுவை குறைவது தெரியும். எனக்கு அதைவிடப் பயம் இறக்கம்தான். கேரட் லோடோடு செகண்ட் கியரில் இறங்கும்போது இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறதே, அந்தப் பிடியும் குறையும், மிச்ச வேலை பிரேக்கின் தலையில் விழும். ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது வண்டி 62-க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்.

அப்புறம், பெரிய டயர் என்றால் அதிக பாரம் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். டயரில் அளவுக்குப் பக்கத்திலேயே ஒரு எண் இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 105 என்றால் 925 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. கார் ரக 235 டயர் பார்க்கத் தடியாக இருந்தாலும் லோடு வண்டி ரக 215 டயரைவிடக் குறைவாகத் தாங்கக்கூடும். இப்போது இருக்கிற டயரின் எண்ணுக்குக் கீழே எதையும் வாங்காதீர்கள்.

என் பட்டறைக்கு இப்படி டயர் மாற்றிய வண்டி ஒன்று வந்தது. காலியாக நின்றபோது எங்கும் உரசவில்லை. லோடு ஏற்றியதும் பட்டை ஸ்பிரிங் படுத்து, டயரின் தோள் உள் மட்கார்டில் தேய்ந்து, கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வளையம் விழுந்திருந்தது, ஓரிடத்தில் உள்ளே நூலே தெரிந்தது. அதோடு கம்பெனி கொடுத்த அளவை மாற்றினால் விபத்து நேரத்தில் இன்சூரன்ஸிலும் கேள்வி வரும்.

சரி, சேற்றுக்கு என்ன செய்வது? சேற்றில் பிடிப்பது டயரின் உயரம் இல்லை, தரையில் படும் பக்கத்தில் கட்டை கட்டையாக நிற்கிற பட்டன்தான். அதே 215 அளவில், லோடு ரகத்தில், ஆழமான, இடைவெளி விட்ட பட்டன் உள்ள டயராகக் கேளுங்கள். பணம் இரண்டு டயருக்குத்தான் இருக்கிறது என்றால் இரண்டையும் பின்னால் போடுங்கள். காலி வண்டியில் பின்சக்கரத்தின் மேல் எடையே இல்லை, அதனால்தான் அதிகம் சுற்றுகிறது. தோட்டத்துக்குள் போகும்போது பின்னால் நாலு மணல் மூட்டை கிடக்கட்டும்.

வாங்கும்போது பக்கச்சுவரில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் இருக்கிற நாலு இலக்கத்தைப் பாருங்கள். 2324 என்றால் 2024-ஆம் வருடம் 23-வது வாரத்தில் செய்தது. பழைய சரக்கைத் தள்ளிவிடப் பார்த்தால் வேறு கடைக்குப் போங்கள்.