பழைய வீடு, பத்து மாத அட்வான்ஸ், வாய் வார்த்தை

கேள்வி: எனக்குச் சென்னைப் பாரிமுனையில் வேலை. மனைவி, ஒரு வயதுக் குழந்தை. முத்தியால்பேட்டையில் பழைய வீடு ஒன்றின் மாடிப் போர்ஷனைப் பார்த்திருக்கிறோம். முற்றம், மரத்தூண், உயரமான கூரை என்று மனதுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. வாடகை 12,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம். “அக்ரிமென்ட் எல்லாம் எதுக்குப்பா, நாங்க நம்பிக்கையிலதான் வீடு விடுறோம்” என்கிறார் வீட்டுக்கார அம்மா. புரோக்கர் இரண்டு நாளில் டோக்கன் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அந்த அம்மா நல்லவராகவே இருக்கலாம். ஆனால் குழந்தையோடு குடிபோகிறீர்கள். முதலில் கூரையை அண்ணாந்து பாருங்கள்.

ஜார்ஜ் டவுன் பக்கத்துப் பழைய வீடுகளில் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் கூரைதான். தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, மேலே மெல்லிய செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் மூலைவாட்டாக நிறுத்தி அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு ஜல்லியைக் கெட்டித்துத் தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுங்காகப் பராமரித்தால் தலைமுறை தாண்டி நிற்கும், வெயில் காலத்திலும் இதமாக இருக்கும். அது கெடுவது பெரும்பாலும் கட்டையின் நுனி சுவருக்குள் நுழைகிற இடத்தில்தான். மொட்டை மாடித் தண்ணீர் சுவரில் இறங்கினால் அந்த நுனிதான் முதலில் உளுக்கும். ஒரு நீளக் கழியால் நுனியைத் தட்டிப் பாருங்கள். கெட்டியாகச் சத்தம் வந்தால் நல்லது, பொத்தென்று கேட்டால் உள்ளே ஒன்றுமில்லை. கட்டைக்கு நேர் கீழே தரையில் மாவு போலத் தூள் கிடந்தாலும், வீடு முழுக்கப் பழைய சுண்ணாம்பாக இருக்கக் கூரையின் ஒரு மூலையில் மட்டும் புது பெயின்ட் இருந்தாலும், காரணம் கேளுங்கள்.

அப்புறம் மொட்டை மாடிக்கு ஏறுங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா, தண்ணீர் தேங்கிய கறை தெரிகிறதா, பழைய கூரையின் மேல் கான்கிரீட் கொட்டியோ அறை கட்டியோ பாரம் ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். கட்டடம் பழுது என்று மாநகராட்சி நோட்டீஸ் ஏதும் வந்ததா என்று வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் விசாரியுங்கள். ஐப்பசி மழைக்கு அந்தக் கூரையின் கீழ்தானே குழந்தை தூங்கப்போகிறது.

கீழ்த்தளம் குடோனா? அப்படியானால் உள்ளே என்ன சரக்கு என்று தெரிந்துகொள்ளாமல் மேலே குடிபோகக் கூடாது. பேப்பர், பிளாஸ்டிக், பெயின்ட், தின்னர் என்றால் எனக்கு அந்த வீடே வேண்டாம். ஒரே ஒரு மரப்படிக்கட்டுதான் வழி என்றால் இன்னும் மோசம்.

குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். அடிபம்பா, சம்ப்பா, எத்தனை குடித்தனத்துக்கு ஒரு குழாய் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். முதலில் வருகிற தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து முகர்ந்து பாருங்கள். கழிவுநீர் நிறையக் கலந்திருந்தால் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, அக்ரிமென்ட். இது அவர் விருப்பம் இல்லை, சட்டம். தமிழ்நாட்டில் 22.02.2019 முதல் புது வாடகைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைனிலேயே செய்யலாம், பதிவு எண் கொடுப்பார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆனால் இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் அதற்கும் இடம் விட்டிருக்கிறது. அதனால் பத்து மாதம் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகு சட்டத்தைக் காட்டிப் பேசுவது கஷ்டம். பேரம் எல்லாம் கையெழுத்துக்கு முன்னால்தான். மூன்றில் ஆரம்பியுங்கள். காலி செய்தபின் ஒரு மாதத்துக்குள், உங்கள் பாக்கி இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தர வேண்டும். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகையைப் பிடிப்பது இங்கே வழக்கமாகிவிட்டது. பிடிப்பார்களா, எவ்வளவு என்பதையும் அக்ரிமென்ட்டிலேயே எழுதிவிடுங்கள்.

பணத்தை வங்கி வழியாக, உரிமையாளர் பெயருக்கே அனுப்புங்கள். யார் உரிமையாளர் என்பதைச் சொத்துவரி ரசீதில் பாருங்கள். இந்தத் தெருக்களில் தாத்தா பெயரிலேயே இருக்கிற வீடுகள் உண்டு. அண்ணன் தம்பிகளுக்குள் பாகப்பிரிவினை வழக்கு நடந்தால், அட்வான்ஸை யாரிடம் கேட்பது என்று நீங்கள்தான் அலைய வேண்டும்.

கேள்வி: தண்டையார்பேட்டையில் இரண்டு பெட்ரூம் ஃபிளாட், எட்டு லட்சம் கொடுத்தால் மூன்று வருஷம் லீஸ், மாத வாடகை கிடையாது, முடிந்ததும் முழுப் பணமும் திரும்ப வரும் என்கிறார்கள். மெட்ரோ பக்கத்திலேயே இருக்கிறது. நகையை விற்றுக் கொடுக்கலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

பதில்: நகையை விற்பதற்கு முன் மூலப் பத்திரத்தைக் கண்ணால் பாருங்கள். ஜெராக்ஸ் வேண்டாம். ஒரிஜினல் கையில் இல்லை என்றால் அநேகமாக அது வங்கியில் அடமானத்தில் இருக்கிறது. உரிமையாளர் தவணை கட்டாவிட்டால் வங்கி ஃபிளாட்டை ஏலத்துக்குக் கொண்டுவரும். உங்கள் எட்டு லட்சத்துக்கு வங்கி பொறுப்பில்லை. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள், அடமானம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகையைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும். “ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி நோட்டரி வைத்தால் போதும்” என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். செலவுக்குப் பயந்து உரிமையாளர் பதிவுக்கு வர மறுத்தால் அந்த ஃபிளாட்டை விட்டுவிடுங்கள். இன்னொன்று: பணம் வாங்குவது உரிமையாளரா, அவரிடம் மாத வாடகைக்கு எடுத்து உங்களுக்கு லீஸுக்கு விடுகிற நடுஆளா? நடுஆள் வாடகை கட்டுவதை நிறுத்தினால், உரிமையாளர் உங்கள் கதவைத்தான் தட்டுவார். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: வாடகை பாக்கி ஒரு மாதம். வீட்டுக்காரர் கரண்டையும் தண்ணீரையும் நிறுத்திவிடுவேன் என்கிறார். முடியுமா?

பதில்: முடியாது. பாக்கி இருந்தாலும் அத்தியாவசிய வசதிகளை நிறுத்தச் சட்டம் அனுமதிக்கவில்லை. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள், உடனே திரும்பக் கொடுக்கும்படி இடைக்கால உத்தரவு போட அவருக்கு அதிகாரம் உண்டு. பாக்கியை மட்டும் இழுக்காமல் வங்கி வழியாகக் கட்டி, ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.