மல்லாட்டை பிடுங்க வானம் இடம் கொடுக்குமா?

கேள்வி: போளூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை) போட்டிருக்கிறேன். 105 நாள் கொத்து ரகம். ஆனிக் கடைசியில் விதைத்தது, இன்றைக்கு 98 நாள். வானிலை அறிக்கையில் ஐந்து நாளும் 'ஓரிரு இடங்களில் லேசான மழை' என்றே இருக்கிறது. காலையில் நல்ல வெயில், மாலையானால் மேற்கே ஜவ்வாது மலைப் பக்கம் கறுக்கிறது. இப்போதே பிடுங்கலாமா?

பதில்: மழை வருமா என்பதைவிட, பிடுங்கிய பிறகு மூன்று நாள் வெயில் காய்ச்சல் கிடைக்குமா என்பதுதான் உங்களுக்கு முக்கியம். அதற்கு முன் காயைப் பாருங்கள். வயலில் ஐந்தாறு இடங்களில் செடி பிடுங்கி, காயை உடைத்து ஓட்டின் உட்புறம் பாருங்கள். பத்துக்கு ஏழெட்டுக் காயில் உள் ஓடு கருத்திருந்தால் அறுவடைக்கு வந்துவிட்டது. பாதிதான் கருத்திருந்தால் வானம் எப்படி இருந்தாலும் பொறுங்கள். இளங்காய் காய்ந்தால் பருப்பு சுருங்கி எடை போகும். ஆனால் இலைப்புள்ளி நோயால் இலை கொட்டியிருந்தால் பொறுக்காதீர்கள். காயைச் செடியோடு பிணைக்கும் விழுது இற்றுக் காய் மண்ணிலேயே தங்கிவிடும்.

இனி அறிக்கை. 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதி மழைமானி நிலையங்களில் கால்பங்குக்குள் மட்டும் மழை என்று பொருள். 'ஒரு சில இடங்களில்' என்றால் பாதி வரை, 'பெரும்பாலான இடங்களில்' என்றால் முக்கால் பங்குக்கு மேல். 'லேசான மழை' 15.5 மி.மீ. வரை, 'மிதமான மழை' 64.4 மி.மீ. வரை. நிற்கும் பயிருக்கு 10 மி.மீ. ஒன்றுமில்லை, பிடுங்கிப் போட்ட செடிக்கு அதுவே கெடுதல். செவ்வாய், வெள்ளிகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கையை மேகதூத் செயலியில் தமிழிலேயே பார்க்கலாம். முதல் இரண்டு மூன்று நாள் கணிப்பை நம்பித் திட்டமிடுங்கள், பின்னால் உள்ளதை அடுத்த அறிக்கையோடு ஒப்பிடுங்கள். அதில் பலரும் தாண்டிப் போகும் இரண்டு வரிகளை நீங்கள் விடாதீர்கள்.

ஒன்று மேகமூட்டம். வானத்தை எட்டுப் பங்காக்கிச் சொல்வார்கள். 7, 8 என்று இருந்து காற்று ஈரப்பதமும் கூடியிருந்தால், மழை பூஜ்யம் என்று போட்டிருந்தாலும் காய்ச்சல் கிடைக்காது. மற்றொன்று காற்றுத் திசை. 270 பாகை என்றால் காற்று மேற்கிலிருந்து வருகிறது; 45 முதல் 90 என்றால் வடகிழக்கு, கிழக்கு. வடகிழக்குப் பருவமழை வழக்கமாகத் தொடங்குவது அக்டோபர் 20 வாக்கில். நீங்கள் நிற்பது காற்றின் திசை மாறும் வாரம்.

மேலைக் காற்று இருக்கும்வரை உங்களுக்கு வருவது இடி மழை தரும் கார்திரள் மேகம். காலை பத்து மணிக்குப் பஞ்சுப்பொதி போலத் திரள் மேகம் தோன்றும். அடி தட்டையாய், அகலத்தைவிட உயரம் குறைவாய் இருந்து அந்தியில் கரைந்தால் கவலை வேண்டாம். பகல் பன்னிரண்டுக்குள்ளேயே காலிபிளவர் போல மேல்நோக்கி வளர்ந்தால் மாலையில் இடி மழைக்கு வாய்ப்பு அதிகம். உச்சி கொல்லன் பட்டறைக் கல் போலப் பரந்துவிட்டால் மேகம் முற்றிவிட்டது. குளிர்ந்த காற்று முகத்தில் அடித்ததும் ஆட்களை வயலைவிட்டு வெளியேற்றுங்கள், புளிய மரத்தடியில் ஒதுங்க விடாதீர்கள். இந்த மழை ஓர் ஊரில் கொட்டி அடுத்த ஊரை விட்டுவிடும். மறுநாள் காலை வெயிலும் அடிக்கும். சமாளிக்கக்கூடிய மழை இது.

கிழக்கிலிருந்து சாம்பல் நிறத்தில் வானம் முழுக்க மூடி வரும் கார்படை மேகம் அப்படியல்ல. இடி அதிகமிருக்காது, நசநசவென்று இரவும் பகலும் பெய்யும். கொத்து ரகங்களுக்கு விதை உறக்கம் (முற்றிய விதை உடனே முளைக்காமல் இருப்பது) இல்லை, இருந்தாலும் மிகக் குறைவு. முற்றிய காய் ஈர மண்ணில் கிடந்தால் செடியிலேயே முளைத்துவிடும். உயரத்தில் கீற்று மேகம் மெல்லிய திரையாகப் பரவி, நிலாவைச் சுற்றிப் பெரிய வளையம் கட்டுவதையும் பாருங்கள். 'அகல் வட்டம் பகல் மழை' என்பது இதைத்தான். கையை நீட்டி விரித்தால், நிலாவிலிருந்து வளையம் ஏறக்குறைய ஒரு சாண் தள்ளி இருக்க வேண்டும். நிலாவை ஒட்டிய சின்ன வளையம் கணக்கில் சேராது. வளையம் மட்டும் போதாது. அதோடு காற்றும் கிழக்கிலிருந்து வீசத் தொடங்கினால் இரண்டொரு நாளில் மழை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, காய் பத்துக்கு ஏழு முற்றியிருந்து, காற்று இன்னும் மேற்கிலிருந்தே வந்தால், 105ஆம் நாளுக்குக் காத்திராமல் தொடங்குங்கள். ஒன்றரை ஏக்கரையும் ஒரே நாளில் பிடுங்காதீர்கள். மறுநாளுக்குள் எவ்வளவு காய் ஆய ஆள் இருக்கிறதோ அவ்வளவு மட்டும், காலையில். காய் மேலே, தழை கீழே இருக்கும்படி கவிழ்த்துப் போடுங்கள். மாலையில் மேகம் வளர்ந்தால் மேட்டுக்குக் கொண்டுபோய், காய் வெளிப்பக்கம் தெரிய வட்டமாக அடுக்கித் தார்ப்பாய் போடுங்கள். பச்சைச் செடியைக் குவித்து மூடியே வைத்தால் சூடேறிப் பூசணம் பிடிக்கும், அஃப்லாடாக்சின் நச்சு சேரும். அந்தக் கொடி மாட்டுக்கும் ஆகாது. வெயில் வந்ததும் பிரித்துவிடுங்கள்.

நனைந்துவிட்டால் செடியில் விட்டுவைக்காமல் உடனே ஆய்ந்து, கொட்டகையில் மெல்லப் பரப்பி விசிறிக் காற்று விடுங்கள். காயைக் குலுக்கினால் கலகலவென்று ஓசை வர வேண்டும், பருப்பைத் தேய்த்தால் தோல் உரிய வேண்டும். ஈரப்பதம் 8, 9 சதவீதத்துக்கு இறங்கிய பிறகே மூட்டை கட்டுங்கள். விதைக்கு எடுப்பதை உச்சி வெயிலில் காயவைக்க வேண்டாம்.